நாலு பக்கமும் ஆறு

கொள்ளிடம் பத்திர ஆபீஸில்
எங்களுக்கு டோக்கன் பதினேழு.
கலியபெருமாள் அண்ணன், ஞானவேல், நான்.
மூலப்பத்திரத்தை விரித்து
எழுத்தர் எல்லைகளைப் படித்தார்:
கிழக்கே அபூர்வத்தம்மாள் புஞ்சை,
மேற்கே வாய்க்கால்,
தெற்கே வண்டிப்பாதை,
வடக்கே ஆறு.

ஞானவேல் செருமினான்.
"சார், இப்ப நாலு பக்கமும் ஆறுதான்."
அப்படி எழுத முடியாதாம்.
பழசில் என்ன இருக்கிறதோ அதுதானாம்.

நான் சிதம்பரத்துக்கு வாக்கப்பட்டுப் போனபோது
நாணல்திட்டில் எங்களுக்குப் பதினோரு மா.
போன மாசியில் சங்கிலி போட்டபோது
நாலரை.
மீதியெல்லாம் சிட்டாவில் அப்படியே இருக்கிறது,
அப்பா பேரில், வரி பாக்கியில்லாமல்.

அண்ணனுக்கு எல்லாம் கன அடிதான்.
மேலே ஒரு லட்சம் திறந்தால் மாட்டுக்கொட்டகை,
ஒன்றரை என்றால் அடுப்பு,
இரண்டு என்றால் பள்ளிக்கூட வராந்தா,
புளிசாதப் பொட்டலம்,
போட்டோ எடுக்க வருகிறவர்கள்.
ஒரே வருசத்தில் மூன்று தடவை.
ஆடி ஐப்பசி என்று ஆற்றுக்கு இப்போது
ஒன்றும் தெரிவதில்லை.

தண்ணீர் வராத மாதங்களில்
கடல் உள்ளே நடந்து வரும்.
அஞ்சலாட்சி அண்ணி
டீயில் உப்புக் கரிக்கிறதென்று
சர்க்கரையைக் கூட்டிக்கொண்டே போனாள்.
சுகர் வந்து கால்விரல் ஒன்று போனது.
அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

வெளியே காரில் ஏசி போட்டு
இறால் குட்டைக்காரர் காத்திருந்தார்,
நாலரை மாவுக்காக.
"தையலு, உனக்கு இருபதாயிரம்.
விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போடு."
அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"பணம் வேணாம்ணே.
தண்ணிக்குள்ள இருக்கற ஆறரை மாவை
என் பேருக்கு எழுதுங்க."

"பைத்தியமாடி?"
எழுத்தர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
தடுக்க ஒரு விதி தேடினார்.
இல்லை.
நஞ்சை மதிப்பில்தான் கட்டணம் என்றார்,
தண்ணீருக்கென்று தனி விலை கிடையாதாம்.
ஒரு வளையலைக் கழற்றினேன்.
ஞானவேல் எதிர்க்கடையில் அடகு வைத்து வந்தான்.

ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.
அந்த ஆறரைக்குள் எங்கள் கிணறு நிற்கிறது.
சுற்றியிருந்த மண்ணெல்லாம் போய்
கிணறு மட்டும் வெளியே வந்துவிட்டது,
ஆற்று நடுவே, உறைமேல் உறையாக.
உச்சியில் ஒரு நீர்க்காகம்
இறக்கை காயவைக்கும்.

பையை எடுக்கத் திட்டுக்குத் திரும்பினோம்.
படகுக்காரர் கூலி கேட்டார்.
"இவ நிலத்துமேலதான ஓட்டறே,
நீதான் இவளுக்குக் குடுக்கணும்"
என்றான் ஞானவேல்.
யாரும் சிரிக்கவில்லை.

கிணற்று உறை தெரிந்ததும்
படகு கொஞ்சம் சாய்ந்தது.
அண்ணன் குனிந்து
செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்,
வரப்பில் கால் வைக்கப் போகிறவனைப் போல.