பின்வாங்கு

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
"இளைஞரை ஆலயத்தோடு இணைத்தல்"
ஏழு வருசமாக நான்காம் விடயம்.
மூன்றாவது கூரை ஒழுக்கு.
ஐந்தாவது தேநீர்.

பின்வாங்கு என்றால் எங்களுக்கு
கதவோரம் கிடக்கும் கடைசி வாங்கு.
பெடியள் அதில்தான் இருப்பார்கள்,
ஆசீர்வாதத்துக்கு முன் எழும்பிப் போக வசதியாக.
"பின்வாங்காதேயுங்கோ பிள்ளையள்" என்று
போதகர் ஒருநாள் பிரசங்கத்தில் உருகினார்.
கெர்சோன் மெல்ல எழும்பி
ஒரு வாங்கு முன்னுக்கு வந்திருந்தான்.
நான் சிரித்துவிட்டேன்.
எலியேசர் மாஸ்டர் சிரிக்கவில்லை.

மாஸ்டருக்கு அவன் கிற்றார் பிடிக்காது.
அவனுக்கு அவர் ஜெபம் பிடிக்காது:
பதினாலு நிமிடம்,
போனில் நேரம் பிடித்து வைத்திருந்தான்.

பூப்பந்து வலை கட்டினோம்.
வேத வினாவிடை வைத்தோம்.
மார்பிள் பீச்சுக்கு இளைஞர் ஒன்றுகூடல்;
பேருந்து நிறையப் பெரியவர்கள்.

பிறகு பெற்றோல் இல்லாத அந்த ஆடி.
மோட்டார் சைக்கிள்கள் வால் வளர்த்து
சந்தியைச் சுற்றிக் கிடந்தன.
உவர்மலை ஏறி வர ஆட்களில்லை.
ஞாயிறு பதினொரு பேர்.
காணிக்கைத் தட்டு
போன வேகத்தில் திரும்பி வந்தது.

யாரும் திட்டமிடவில்லை,
இதைக் குறிப்பிலும் எழுதியிருக்கிறேன்.
கெசியா தன் தமையனின் பழைய லுமாலாவில்
பாலையூற்றுக்குப் போய்
தொர்க்காள் அன்ரியை ஏற்றி வந்தது
ஆலயத் திறப்பு அன்ரியிடம் இருந்தபடியால்.
அடுத்த கிழமை நாலு சைக்கிள்.
ஆர் ஆரை ஏற்றுவது என்று
என்னிடம் வந்து பட்டியல் கேட்டார்கள்.
நிறை பார்த்துப் போட்டேன், மனம் பார்த்து அல்ல.
அப்படித்தான் எலியேசர் மாஸ்டர்
கெர்சோனின் கரியருக்கு வந்து சேர்ந்தார்.

முதல் ஞாயிறு ஒரு சொல் இல்லையாம்.
மற்ற ஞாயிறு, ஏற்றத்தில்,
கேளாமலே இறங்கிப் பின்னால் தள்ளினாராம்,
வெள்ளை வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி.
பிறகொரு நாள் கோட்டைப் பக்கம்
நடு றோட்டில் ஒரு கலைமான் படுத்திருந்தது.
மணி அடிக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.
அது எழும்பும்வரை நின்றார்கள்.

அங்கே என்ன கதைத்தார்கள் என்று நான் அறியேன்.
மாஸ்டர் சொன்னது இவ்வளவுதான்:
"அந்தப் பெடியனுக்கு இரவில நித்திரை வாறேல்லையாம்."
கெர்சோன் சொன்னது:
"அன்ரி, டச் பே வந்தா மாஸ்டர்
மற்றப் பக்கம் முகத்தைத் திருப்புறவர், தெரியுமா?
எங்கட முதுகோட கதைப்பார். கடலைப் பார்க்கமாட்டார்."
பதினெட்டு வருசம்
அவருக்கு முந்தின வாங்கில் இருந்து பாடியிருக்கிறேன்.
எனக்குத் தெரியாது.

அன்றைய ஜெபத்தில்
நித்திரை வராதவர்களுக்காக ஒரு வரி வந்தது,
பெயரில்லாமல்.
ஒன்பது நிமிடம்.
நேரம் பார்த்தது நான்.
கெர்சோனின் போன் சட்டைப்பையில் கிடந்தது.

பெற்றோல் வந்துவிட்டது.
அபிஷன் கட்டாருக்குப் போய்விட்டான்.
வேதநாயகி அன்ரி மகனின் ஓட்டோவுக்கே திரும்பிவிட்டா.
"இடுப்பு, பிள்ளை" என்றா, வெட்கத்தோடு.
கெசியா வருவாள், சோதனை இல்லாத கிழமைகளில்.
ஆலயம் நிரம்பி வழியவில்லை.
கெர்சோன் இன்னும் கடைசி வாங்கில்தான்.
பக்கத்தில் மாஸ்டர்,
நாலாம் கம்பி சுருதி விலகுது என்று
அவன் காதுக்குள் முணுமுணுத்தபடி.
ஆசீர்வாதத்துக்கு முன்
இப்போது இரண்டு பேர் எழும்பிப் போகிறார்கள்.
வெயில் ஏறினால் கரியர் சுடுமாம்.

நேற்றுக் குழு கூடியது.
கரியருக்கு மெத்தை ஒன்று,
ஆயிரத்து இருநூறு ரூபா,
எதிர்ப்பின்றி நிறைவேறியது.
எந்தத் தலைப்பில் எழுத என்று கேட்டேன்.
ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.
கூரை ஒழுக்கில் போடச் சொன்னார்கள்.