நான்கு சதவீதம் காலி

டர்பன் துறைமுகம், பேஹெட் சாலை.
பெட்டி நிலையத்தின் சர்வர் அறைக்குள்
இரவு இரண்டு பத்து, பதினெட்டு டிகிரி, நான், என் கம்பளிச் சால்வை.
தொலைபேசியில் மேலாளர் க்வாபே.
அவர் வீட்டுத் திரையிலும் இதே சிவப்புக் கோடு.
"நினைவகம் தொண்ணூற்றாறு சதவீதம் நிரம்பிவிட்டது சிஸ்டர்,
காலி செய்."

நிரம்பியது உண்மை.
எதனால் என்று அவர் கேட்கவில்லை.

நேற்று முழுக்க வாயிலில் கேட்கப்பட்ட பெட்டி எண்கள்,
ஆரஞ்சு ஏறிய குளிர்பெட்டிகளின் வெப்பநிலை,
மொம்பாசாக் கப்பலின் பாதிப் பட்டியல்,
நேற்று உரிமம் காட்டிய ஓட்டுநர்கள் அத்தனை பேர்.
வட்டில் தேடி ஒருமுறை பாடுபட்டுப் படித்ததை
இரண்டாம் முறையும் யாராவது கேட்பார்கள் என்று
கெர்னல் கையருகே வைத்துக்கொண்டிருக்கிறது.
கேட்காவிட்டால் நட்டமில்லை.
இடம் வேண்டும் என்று எவராவது வந்து நின்றால்
நெடுநேரம் யாரும் தொடாததைத் தள்ளிவிடும்.
தள்ளுமுன் ஒருமுறை திரும்பிப் பார்க்கும்,
இதற்கிடையில் யாராவது தொட்டார்களா.
தொட்டிருந்தால், சரி, இன்னும் கொஞ்சம் இரு.

சொல்லிப் பார்த்தேன்.
கிரே தெருவில் பன்னி சௌ கடையில்
பதினொன்றரைக்கே ரொட்டியைக் குடைந்து குடைந்து
மேசை நிறைய அடுக்கிவிடுகிறார்களே,
அது இடமில்லாத கடையா?
சிரித்தார். நல்ல மனிதர்.
"காலி செய்" என்றார்.

பெரிய வேலை ஒன்றுமில்லை.
ஒரு கோப்பில் 3 என்று எழுத வேண்டும்.
எழுதினேன்.
கோடு பச்சையானது. எழுபத்தொரு சதவீதம் காலி.
கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பிவிட்டு அவர் தூங்கப் போனார்.

நாலரைக்கு லாரிகள் வந்தன.

மூன்றாம் வாயிலில் லோகேஷ்னி எண்ணைத் தட்டத் தட்ட
ஒவ்வொன்றுக்கும் வட்டு தலையைத் தூக்கி
யார் நீ, எங்கிருந்து வருகிறாய் என்று விசாரித்தது.
நேற்று மாலை இதே வாயிலில் போன அதே லாரி,
அதே ஓட்டுநர், அதே தொப்பி.
வரிசை பாலத்தைத் தாண்டிப் போனது. ஹாரன், ஹாரன்.
"என்னடி செய்தாய் அதை?" என்று கத்தினாள்.
மறக்கச் சொன்னார்கள், மறந்துவிட்டது என்றேன்.

யாரும் எதுவும் செய்யவில்லை.
கேட்கக் கேட்க அதுவே நிரம்பிக்கொண்டது.
ஏழு மணிக்கு மறுபடி நான்கு சதவீதம் காலி,
லாரிகள் ஒழுங்காக நகர்ந்தன.
க்வாபே எழுந்ததும் அழைப்பார்.

அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
3 எழுதினாலும் போகாத பக்கங்கள் இருக்கின்றன.
அழுக்குப் பக்கம் என்று பெயர், கேவலமான பெயர்.
மாற்றி எழுதப்பட்டு, இன்னும் வட்டுக்குப் போய்ச் சேராதவை.
சுத்தமானதை எப்போது வேண்டுமானாலும் விடலாம்,
மூலம் வேறோர் இடத்தில் பத்திரமாக இருக்கிறது.
அழுக்கானதற்கு வேறு பிரதியே கிடையாது.
எழுதி முடித்த பிறகுதான் விட முடியும்.
அதற்குள் கரண்ட் போனால்
அது நடக்கவே இல்லை.
அதனால் கெர்னல் ரொம்ப நேரம் சும்மா வைத்திருக்காது.
முப்பது நொடி. பிறகு எழுதத் தொடங்கிவிடும்.

சகாரென் பெர்த்துக்குப் போய்ப் பதினோரு வருடம்.
விமான நிலையத்தில் தம்பியிடம் நான் சொன்னது ஒன்று.
திரும்பி வருகையில், அம்லாங்கா தாண்டி,
ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே மாற்றியது வேறொன்று.
அவனிடம் இருப்பது பழையது.
மாற்றியது என்னிடம் மட்டும்.

எங்கள் பக்கம் மின்வெட்டு எட்டு மணிக்கு.
இப்போது ஏழு இருபது, பெர்த்தில் மதியம் தாண்டியிருக்கும்,
சாப்பிட்டிருப்பான்.
"சகா, அன்றைக்கு" வரைக்கும் தட்டிவிட்டேன்.

க்வாபே அழைக்கிறார்.
அடிக்கட்டும்.
எழுதிக்கொண்டிருக்கிறேன்.