கீழ் எல்லை

ஐதரசனைப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்.
ஏன் என்று கேளாதே,
மடக்கை எடுத்தால் மறை எண் வராதிருக்க
யாரோ செய்த வசதி.
அந்தக் கணக்கில் சூரியனின் ஒட்சிசன்
எட்டுத் தசம் ஏழு.

ஐதரசனும் ஈலியமும் தவிர எல்லாமே
எங்களுக்கு உலோகம்.
இதைச் சொன்ன அன்று இரசாயனக் கூடத்து ஜெறோமுக்குத்
தேத்தண்ணி புரைக்கேறியது.
"அப்ப நான் விடுற மூச்சும் உலோகமோ?"
ஓம். இழுக்கிறதும்.

பரமேஸ்வராச் சந்தியில் மழை.
என் திரையில் ஒரு சுருள் மண்டலம்,
நடுவிலிருந்து ஓரம்வரை புள்ளிகள்.
நடுவில் செழிப்பு, விலக விலகக் குறைவு,
கோடு ஒழுங்காகத்தான் சாய்கிறது.

ஜெறோமின் கிணறுகளும் அப்படியாம்:
கோண்டாவில் வெங்காயத் தோட்டத்தில் நைத்திரேற்று ஏறி,
கரைக்குப் போகப் போக இறங்கி,
பிறகு வெறும் உப்பு.
இரண்டு வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப்
பார்க்கச் சொன்னான்.
மாட்டேன் என்றேன்.
யூரியாப் பையும் வெடித்த விண்மீனும்
ஒரே சாய்வில் இறங்கினால் அது தற்செயல்,
தற்செயலுக்கு நான் கையெழுத்திடுவதில்லை.

மிச்சம் துணை மண்டலங்கள்.
நாலு முடிந்தது. ஐந்தாவது
சுருளுக்கு வெளியே ஒரு மங்கல்.
அதில் தேடுவது ஒரேயொரு கோடு,
நாலாயிரத்து முந்நூற்று அறுபத்து மூன்று அங்ஸ்ட்ரோம்.
கிடைத்தால் முகிலின் வெப்பநிலை தெரியும்.
வெப்பநிலை தெரியாமல் சொல்லும் அளவு
கைக்கணக்கில் கறிக்கு உப்புப் போடுவது,
இருவர் போட்டால் இரண்டு மடங்கு வித்தியாசம்.

அந்தக் கோட்டுக்கு ஐந்தே அங்ஸ்ட்ரோம் தள்ளி
தொலைநோக்கி மலைக்குக் கீழே எந்த ஊரிலோ
ஒரு பாதரச விளக்கு.
மூன்று கிழமையாக அந்தத் தெருவிளக்கைத்தான்
வானத்திலிருந்து கழித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று ஜெறோம் குறிகட்டுவானிலிருந்து நேரே வந்தான்,
பெட்டி நிறையப் போத்தல், கடல் ஊறிய சப்பாத்து.
தீவில் பதினாறு கிணறு. ஏழில் ஒன்றும் எடுக்கவில்லை.
"கப்பி இறுகிப் போச்சு. அள்ள ஆக்களில்லை."
பிறகு திரையைப் பார்த்தான்.
"சேந்தினி, உந்தச் சின்னதுகளில ஏன் இவ்வளவு குறைவு?"

ஆக்காமல் இல்லை, என்றேன்.
அங்கேயும் விண்மீன்கள் எரிந்து வெடித்து
ஒட்சிசன், நியோன், இரும்பு எல்லாம் செய்தன.
பிடித்துவைக்கத்தான் நிறை போதாது.
செய்ததெல்லாம் காற்றாய் வெளியே போய்விடும்.
"எங்க?"
கொஞ்சம் பெரிய மண்டலத்துக்கு. மிச்சம்
இடைவெளியில், அளக்க முடியாத ஐதில்.

அவன் போத்தல்களுக்கு இலக்கம் ஒட்டத் தொடங்கினான்.

விளக்கைக் கழித்த பிறகு
கோடு இல்லை.
இல்லை என்று எழுத முடியாது.
தெரியவில்லை என்றால் முகில் அவ்வளவு சூடில்லை,
சூடில்லை என்றால் அதைக் குளிரவைக்க
ஒட்சிசன் இருந்திருக்கவேண்டும்.
ஆகவே புள்ளியை வைத்து
மேல்நோக்கி ஒரு சின்ன அம்பு:
குறைந்தது இவ்வளவாவது.

ஜெறோம் எட்டிப் பார்த்தான்.
தன் ஏழு கிணற்றுக்கும் அந்த அம்பு போடலாமோ என்றான்.
நைத்திரேற்றுக்கு அப்படி ஒரு வழக்கம் இல்லை
என்றேன்.