ஒப்பீட்டுக் குழு

கெண்ட் ரிட்ஜ், இரவு ஒன்பதே கால்.
புது மென்பொருளைச் சோதிக்க
நோயில்லாத நெஞ்சு ஒன்று வேண்டும்.
வரவேண்டிய தொண்டூழியர் மழையில் மாட்டிக்கொண்டார்.
"நானே படுக்கிறேன்" என்றார் பேராசிரியர் மாதங்கி,
வளையல் நான்கையும் உருவி என் கையில் தந்து.

கண்ணாடிக்கு இப்பால் ஹஸ்லிண்டா,
அவர் கற்றுத்தந்த தமிழை
அவருக்கே சொன்னாள்:
மூச்சை இழுங்க. விடுங்க. பிடிச்சுக்கோங்க.
இயந்திரம் இடித்தது,
மேல்வீட்டில் ஓடு பெயர்ப்பதுபோல்.
மருந்து ஊறப் பத்து நிமிடம்.

திரையில் சுருங்கி விரிந்தது இதயம்.
கீழ்ச்சுவரில் மட்டும்
வெட்டிப் போட்ட நகம்போல்
ஒரு வெள்ளைப் பிறை.
ஹஸ்லிண்டா என்னைப் பார்த்தாள்.
நான் வளையல்களைப் பார்த்தேன்.

எழுந்து வந்து நெடுநேரம் நின்றார்.
"வீக்கமில்லை. பழசு" என்றார்,
வேறு யாருக்கோ அறிக்கை வாசிப்பதுபோல்.
எந்த நாள்?
வாயு என்று இஞ்சி மிட்டாய் தின்ற
பெர்த் விமானமா?
மின்தூக்கி பழுதாகி
அரிசிப்பையோடு பதினோரு மாடி ஏறிய ஞாயிறா?
மகன் தேசிய சேவைக்குப் போன வாரம்
தோள் பிடித்துக்கொண்டதே, அதுவா?
வலித்ததாக நினைவில்லை.
வலிக்காததால் வரவில்லை என்றாகாது என
எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்.

பேரேட்டில் தன் எண்ணுக்கு நேரே தட்டச்சினார்:
ஒப்பீட்டுக் குழுவிலிருந்து நீக்கம்.
காரணம் என்ற கட்டத்தில்
சுட்டி மினுங்கிக்கொண்டே இருந்தது.

வளையல்களை நீட்டினேன். வாங்கவில்லை.
பிறையின் ஓரத்தைப் பெரிதாக்கி,
இன்னும் பெரிதாக்கி,
"பாரேன், விளிம்பு எவ்வளவு துல்லியம்" என்றார்.
"பழைய மென்பொருளில்
இது தெரிந்தே இருக்காது."