கேஸ்கெட்

பகாவ் டவுன். டயர்க்கடைக்கு மேல்மாடி.
ராத்திரி பதினொன்றே முக்கால்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி முனையில் திரும்பினால்
என் திரையில் கோடுகள் நடுங்கும்.

எக்ஸ்கதிர் போட்ட கோடுகள்.
நியோபியம் நைட்ரைடு:
ஓர் உலோக அணு, ஒரு நைட்ரஜன், மறுபடி உலோகம்,
உப்புக்கல்லின் அதே கட்டு,
ஆங்காங்கே நைட்ரஜன் வேலைக்கு வராத காலியிடங்கள்.
பதினாறு கெல்வினுக்குக் கீழே போனால்
ஒரு காசு பிடித்தமில்லாமல்
மின்சாரத்தை அப்படியே கொடுத்துவிடும்.

அதில் எள்முனை அளவு எடுத்து,
ரீனியத் தகட்டுத் துளையில் இட்டு,
இரண்டு வைரங்களுக்கு நடுவே முறுக்கினோம்.
கூடவே ஒரு மாணிக்கத் துகள்:
அழுத்த அழுத்த அதன் ஒளி இன்னும் சிவக்கும்,
அதுதான் எங்கள் அளவுகோல்.

ஆலையில் பிரஸ் பார்க்கும் கொழுந்தன் தவச்செல்வன்
எண்ணெய் வாசத்தோடு எட்டிப் பார்த்தான்.
"எவ்ளோ பார், அண்ணி?"
மூன்று லட்சத்துக்கு மேலே.
"எங்களது அறுபதுக்கே கத்தும்."
சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்:
"சரி, என்ன வடிஞ்சுச்சு?"

ஒன்றும் வடியவில்லை.
கோடுகள் வலப்பக்கம் கொஞ்சம் நகர்ந்தன.
நூற்றுக்கு எட்டுப் பங்கு இடம் குறைந்தது.
கனசதுரம் கனசதுரமாகவே நின்றது.

முப்பத்திரண்டாவது கிகாபாஸ்கலில் மட்டும்
புதிதாய் ஒரு கோடு.
ஹஸ்லினா மூன்று ஆச்சரியக்குறி அனுப்பியிருந்தாள்:
புதுக் கட்டமைப்பு! தலைப்பை மாற்று!
நானும் இரண்டு நாளாய் அதற்குப் பேர் தேடினேன்,
ஸ்கேன் எடுக்குமுன் கொலுசு வாங்கியவள் மாதிரி.

"எங்க எண்ணெயில சில நாள் இரும்புத்தூள் வரும்,"
அடுக்களையிலிருந்து தவச்செல்வன்.
"பழத்துலேர்ந்து இல்ல. ஸ்க்ரூ தேஞ்சு.
மீ இருக்கா?"

எரிச்சல் வந்தது.
எனக்குத் தெரிந்ததுதான்.
தெரிந்தும் இரண்டு நாள் திறக்காத கோப்பு.

திறந்தேன்.
ரீனியம், அறுகோணம்,
என் புதுக்கோட்டின் மேல்
இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.
துளை சுருங்கியிருக்கிறது,
கதிர் அதன் விளிம்பில் உரசியிருக்கிறது.
நாங்கள் கொண்டாடியது சுவரை.

மீ தட்டின் மூடியை நகர்த்தும் சத்தம்.
ஒன்று பத்துக்கு எழுதினேன்:
ஹஸ்லினா, அது கேஸ்கெட்.
நைட்ரைடு அசையவில்லை.

அனுப்புமுன் கடைசியாய் ஒரு தடவை
பெருக்கிப் பார்த்தேன்,
ஒருவேளை பக்கத்தில் சின்னதாய் இன்னொன்று...
லோரி திரும்பியது.
எல்லாக் கோடும் ஆடி நின்றது.

பழைய தலைப்பே இருக்கட்டும்
என்று சேர்த்தேன்.