மீதி பதினாறு மாதம்

பணம் கட்ட ஒன்றை அழுத்தவும்.
விபத்து என்றால் இரண்டு.
புது வண்டி பார்க்க மூன்று.
நமக்கு எண் இல்லை, ஆர்விட்.
எதையும் அழுத்தாமல் உட்கார்ந்து
இருபத்தாறு நிமிடம் சாக்ஸபோன் கேட்டேன்.

பிறகு ஒரு பையன் வந்தான்.
"கணக்கு யார் பெயரிலோ அவரிடம் போனைக் கொடுங்கள்,
பாதுகாப்புக்காகத்தான்."
கொடுக்க முடிந்தால் கொடுத்திருக்க மாட்டேனா.

வருந்துகிறேன் என்றான்.
தாளைப் பார்த்து வாசிக்கிற வருத்தம்;
அந்த வாரம் எனக்குக் கிடைத்ததில்
அதுவும் மோசமில்லை.
அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு
குத்தகை இன்னும் பதினாறு மாதம் இருக்கிறது என்றான்.

டுலூத்தில் அன்று மைனஸ் இருபத்தெட்டு.
ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே என்று
ஜன்னலிலிருந்து சொல்ல முடியவில்லை.

மரணச் சான்றிதழ் ஏழு நகல் வாங்கினேன்.
வங்கிக்கு ஒன்று, ஓய்வூதியத்துக்கு ஒன்று,
கார் கம்பெனிக்கு ஒன்று.
முத்திரை விரலில் மேடாகத் தட்டுப்பட வேண்டுமாம்.
ஜெராக்ஸில் நீ இறந்தது செல்லாது.

உன் தம்பி டோய்வோ சொன்னான்:
சாவியை அவர்கள் மேசையில் வீசிவிட்டு வா.
போதகர் லிண்டால் காபிக் கோப்பையோடு வந்து
யோசித்துப் பார்த்தால் நாம் எல்லாருமே
குத்தகைக்கு வந்தவர்கள்தான், லோர்னா, என்றார்.
எனக்கு எத்தனை மைல் பாக்கி என்று கேட்டேன்.
அவர் கேக்கைப் பார்த்தபடி நின்றார்.

ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தது ஒருத்திதான்.
நீதிமன்ற ஜன்னலுக்கு அந்தப் பக்கம்,
மூக்குக்கண்ணாடி சங்கிலியில் தொங்க,
விரலை நனைத்து நனைத்துப் பதினொரு பக்கமும்.
"சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதியில்லை.
என் அக்காவாக இருந்தால் சொல்லியிருப்பேன்:
கையெழுத்து அவருடையது மட்டும்தான்.
பாக்கி அவர் விட்டுப்போனதின் மேல்,
உன் மேல் இல்லை.
எதிலும் கையெழுத்துப் போடாதே, அக்கா.
போனில் 'சரி' என்றுகூடச் சொல்லாதே."

ஷோரூமில் நாம் போட்ட சண்டை நினைவுக்கு வந்தது.
என் பெயரும் இருக்கட்டும் என்றேன்.
ஒன்று போதும் என்றாய்.
வழியெல்லாம் பேச்சில்லை,
ராத்திரி தனித்தனியாகச் சாப்பிட்டோம்.
இப்போது எல்லாரும் அதை முன்யோசனை என்கிறார்கள்.
உன்னை எனக்குத் தெரியாதா?
வெறும் பிடிவாதம்.
அதுதான் இன்று என்னைக் காப்பாற்றுகிறது.

இருபத்து மூன்றாம் நாள் கரண்ட் பில் வந்தது.
இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு
காரேஜ் கதவைத் திறந்தேன்.
எஞ்சின் உறையாமலிருக்க
கடைசி ராத்திரி நீ செருகிய ஹீட்டர் வயர்
அப்படியே சுவரில்.
பானெட்டில் கை வைத்தேன்.
வெதுவெதுப்பு.
மூன்று வாரமாக
தினம் காலை நீ வேலைக்குப் போவாய் என்று
தயாராகக் காத்திருக்கிறது அது.

பிடுங்க ஒரு நொடி போதும்.
எனக்கு மத்தியானம் ஆகிவிட்டது.

வண்டியை எடுக்க வந்த பெண்ணுக்கு
கெல்சி என்று சட்டையில் பெயர்.
ஓட்டை போட்ட அட்டை ஒன்றைக்
கீறல் கீறலாக வைத்து அளந்தாள்.
ஓட்டைக்குள் அடங்கினால் சாதாரணத் தேய்மானம்,
மீறினால் காசு.
என் பக்கத்து மிதியடியில் பூட்ஸ் உப்புக் கறை: சாதாரணம்.
பின்சீட்டில் உன் தூண்டில் முள் கிழித்தது: நூற்றெண்பது டாலர்.
"ஓட்டாத மைல் பதினோராயிரம் இருக்கு.
அதுக்குப் பணம் திரும்பத் தர மாட்டாங்க, ஸாரி."
இவள் தாளைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

இரண்டாவது சாவி?
தொலைந்துவிட்டது என்றேன்.
முந்நூற்றுப் பத்து என்று எழுதிக்கொண்டாள்.
எழுதட்டும்,
நீ விட்டுப்போனதின் மேல்.

லாரி மேட்டில் ஏறித் திரும்பும்வரை
வாசலில் நின்றேன்.
கோட்டுப் பைக்குள் அது தொடையில் இடித்தது.
இனி எந்தக் கதவையும் திறக்காது.

நாளைக்கு மீன்பிடி லைசென்ஸ்காரர்கள்.
ஆறாவது நகலை எடுத்து
மேசைமேல் வைத்திருக்கிறேன்.