ஒரு காப்பிக்கொட்டை, ரெண்டு காப்பிக்கொட்டை

கடலில் பிறந்ததுக்கு
மலையில் என்ன வேலை என்று கேட்டாள் லோகிதா.
அவள் கடலைப் பார்த்ததில்லை.
நானும்தான்.
டிவியில் சிவப்பாய்ச் சுழலும் வட்டத்துக்கு
நாகலூருக்கு வழி தெரியுமா என்றான் யோகேஸ்.

'ஒண்ணும் ஆகாது' என்பது
வாய் வரை வந்தது.
போன வருஷமும் அதைத்தான் சொன்னேன்.
மறுநாள் காலை மாட்டுக்கொட்டகைமேல்
சில்வர் ஓக் மரம் படுத்திருந்தது.
அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும்
என் முகத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறான்.
அதனால் இம்முறை,
'காத்து வரும். பெருசாத்தான் வரும்.
வந்தா என்ன செய்யணும்னு பழகிக்கலாம், வாங்க.'

பழைய பள்ளிப் பையைக் கவிழ்த்தோம்.
பால் கவரைக் கழுவிக் காயவைத்து
அதில் ஆதார், ரேஷன் அட்டை.
டார்ச். காய்ச்சல் மருந்து.
நாலு பிஸ்கட் பாக்கெட்;
ஜிப் போடுவதற்குள் மூன்றாகிவிட்டது.
சேர்வராயன் கோயில் திருவிழாவில் வாங்கிய விசில்
லோகிதா கழுத்தில்.
ஊதிப் பார்த்ததில் ஊர் நாயெல்லாம் வந்து நின்றன.
யோகேஸ் ஒரு தீப்பெட்டியை நுழைத்தான்.
உள்ளே, போன வாரம் விழுந்த பல்.
'இது எதுக்குடா?'
'என் பல்லும்மா.'
அதற்குமேல் நான் கேட்கவில்லை.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணணும்:
ஒரு காப்பிக்கொட்டை, ரெண்டு காப்பிக்கொட்டை.
மூணு கொட்டைக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி.
வெயிலிலேயே பழகினார்கள்,
குக்கர் விசிலை இடியாக்கி.

இருட்டுமுன் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தோம்.
கான்கிரீட் கூரை, நாற்பது பேர், ஏழு கோழி.
கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து
அவர் சேலத்தில் ஐந்து ரோட்டோடு நின்றுபோனார்.
'அப்பாகிட்ட பை இருக்கா?' என்றான் போனில்.
பதில் வருமுன் டவர் போனது.
பிறகு கரண்ட்.

எட்டு கொட்டை. ஐந்து. மூன்று.
அப்புறம் 'ஒரு கா' என்பதற்குள்
ஜன்னல் வெள்ளையாகி, தரை அதிர்ந்து,
சொல்லிக்கொடுத்த நான் எண்ணிக்கையை விட்டேன்.
லோகிதா விடவில்லை.
தம்பி முதுகில் விரலால் தட்டித் தட்டி
மறுபடி ஒன்றிலிருந்து.
அவன் காதோரம் தீப்பெட்டியை ஆட்டிக்கொண்டிருந்தான்.
அத்தனை இடியிலும்
அந்தப் பல் உருள்வது எனக்குக் கேட்டது.
விடியக்காலம் பதினொன்று வரை போனது.
அதற்குப் பிறகு எண்ண ஆள் இல்லை,
இரண்டும் என் மடியில் தூங்கிவிட்டன.

மூன்று நாளாகப் பென்சில்களை
வரிசையாய் நட்டுவைக்கிறான் களிமண்ணில்.
கன்னம் உப்பி ஊதுகிறான்.
'விழு' என்கிறான். விழாததைக் கையால் தள்ளுகிறான்.
கீழே தீப்பெட்டி வீடு நசுங்குகிறது.
'என்ன விளையாட்டு இது, அபசகுனமா,
அதட்டி வை' என்கிறாள் பக்கத்து வீட்டுக் கோசலை.
அதட்டவில்லை. களிமண் தீர்ந்தபோது
இன்னும் கொஞ்சம் பிசைந்து கொடுத்தேன்.

நேற்றுச் சாயங்காலம்
ஊதும் முன்பு ஒரு விரலால்
வீட்டைத் தள்ளி வைத்தான்.
அப்புறம் ஊதினான்.

ரெண்டு பேரும் இப்போது நன்றாகத் தூங்குகிறார்கள்.
எனக்குத்தான்
துணிக்கொடி லேசாக ஆடினாலே
கையில் கரண்டியோடு நின்றுவிடுகிறேன்,
ஒரு காப்பிக்கொட்டை,
ரெண்டு காப்பிக்கொட்டை,